சைட்டோகைன் ஊசிக்கு முன்னால் ஓர் எக்ஸ்ரே

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 36 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. எம்.சி. ரோடு பக்கம் ஒரு ரெடிமேட் கடைக்குக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். இரண்டு வருடமாக வலது கண்ணில் யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்கிறார்கள். ஐந்து தடவை வந்துவிட்டது, நடுவில் ஒரு தடவை இடது கண்ணிலும் வந்தது. கண் சிவந்து வலிக்கும், டியூப் லைட்டைக்கூடப் பார்க்க முடியாது. ஸ்டீராய்டு சொட்டு விட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும், நிறுத்திவிடுவேன். கொஞ்ச நாளில் திரும்ப வரும். கூடவே இன்னொரு சொட்டும் கொடுத்தார்கள். அதை விட்டால் துணியில் போட்ட சாக் கோடு தெரிவதில்லை, அதனால் விடுவதில்லை. போன மாதம் கண் பிரஷர் 30 என்றார்கள், புரையும் ஆரம்பித்திருக்கிறதாம். என் அக்கா மகள் பயோடெக் படிக்கிறாள். "ஸ்டீராய்டே வேண்டாம் மாமா, அழற்சியை அடக்கும் சைட்டோகைன் உடம்பிலேயே இருக்கிறது, இன்டர்லியூகின்-10 என்று பெயர், அதைக் கண்ணுக்குக் கொடுக்க ஆராய்ச்சி நடக்கிறது" என்கிறாள். விசாரித்தபோது ஓர் இடத்தில் சைட்டோகைன் ஊசி போடுவதாகச் சொன்னார்கள். மூன்று ஊசிக்கு ஒன்றே கால் லட்சம். கூடவே இருக்கும் தாய்மாமனுக்குப் போன வருடம் டி.பி. வந்து அலைந்ததில் கையில் காசில்லை, ஆனால் நகையை வைத்தால் புரட்டிவிடலாம். போட்டுக்கொள்ளலாமா? நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் காலையில் எழும்போது இடுப்பு வேறு பிடித்துக்கொள்கிறது.

பதில்: தம்பி, முதலில் நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். இன்டர்லியூகின்-10 யுவியைட்டிஸுக்கு மருந்தாக எந்த நாட்டிலும் அனுமதி பெறவில்லை. காசு வாங்கிக்கொண்டு அதைக் கண்ணுக்குள் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தக் குப்பிக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் உங்கள் அக்கா மகள் சொன்னது பொய்யில்லை. ஆராய்ச்சி நிஜமாகவே நடக்கிறது, அதன் பின்னால் இருக்கும் யோசனையும் அழகானது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்குள் இதைப் படித்துவிட்டு இருக்கிற சொட்டையும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரத்தில் சரியாவது சிவப்பு மட்டும்தான், உள்ளே இருக்கும் அழற்சி இல்லை.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? தாடையை வைக்கச் சொல்லி நாங்கள் ஒரு கருவி வழியாகப் பார்ப்போமே, ஸ்லிட் லேம்ப், அதில் ஒரு மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணின் முன்னறைக்குள் சாய்வாக அடிப்போம். தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் படம் பார்த்திருந்தால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், புரொஜக்டர் வெளிச்சத்தில் தூசி மிதக்கும். அதே மாதிரிதான். நல்ல கண்ணில் அந்தக் கற்றை இருட்டாக, சுத்தமாக இருக்கும். அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் தூசி மாதிரி மிதக்கும். ஒரு மில்லிமீட்டர் சதுரக் கற்றைக்குள் எத்தனை என்று எண்ணுவோம். ஐம்பதுக்கு மேலே போனால் நாலு பிளஸ் என்று எழுதுவோம். வெளியே கண் வெளுத்த பிறகும் உள்ளே ஒரு பிளஸ், அரை பிளஸ் என்று மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தோடு நீங்கள் சொட்டை நிறுத்தினால் திரும்ப வராமல் என்ன செய்யும்? மணிக்கு ஒரு தடவை என்று தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து முடிக்க வேண்டிய மருந்து அது. உங்கள் ஐந்து தடவையில் ஒன்றிரண்டு புதிதாக வந்ததே இல்லை, பாதியில் விட்டதன் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, சைட்டோகைனுக்கு வருவோம்.

நம் தெருக்களில் மெட்ரோ வாட்டர் லாரி முனையில் திரும்பும்போதே முதல் வீட்டிலிருந்து "லாரி வந்துடுச்சு" என்று ஒரு குரல் கிளம்பும். அதைக் கேட்டு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. இரண்டு நிமிடத்தில் தெரு முழுக்கக் குடம். உடம்பில் செல்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் இந்தக் குரலுக்குத்தான் சைட்டோகைன் என்று பெயர். சின்னச் சின்னப் புரதங்கள். டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லியூகின்-1, 6, 17 எல்லாம் "ஓடி வாங்க" என்று கூப்பிடும் குரல்கள். கிருமி வந்திருந்தால் அந்தக் கூட்டம் தேவை. வேலை முடிந்ததும் "லாரி போயிடுச்சு, போய் வேலையைப் பாருங்க" என்று ஒரு குரல் வர வேண்டும். இன்டர்லியூகின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா போன்றவை அந்த ரகம். உங்கள் கண்ணில் லாரி வந்ததா என்றே தெரியவில்லை, கூட்டம் மட்டும் குடத்தோடு நின்று முட்டி மோதிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் உடைகிறது. புரை, கண் பாவை ஒட்டிக்கொள்வது, விழித்திரையில் நீர் கோத்துக்கொள்வது எல்லாம் அப்படி உடையும் ஜன்னல்கள்தான். (புரைக்கு ஸ்டீராய்டும் ஒரு காரணம், மறுக்கவில்லை.)

கண்ணுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1948-ல் பீட்டர் மெடவார் என்ற ஆராய்ச்சியாளர், ஒரு முயலின் தோலை இன்னொரு முயலின் கண் முன்னறையில் வைத்துப் பார்த்தார். உடம்பில் வேறு இடத்தில் வைத்தால் அழிந்துவிடும் அந்நியத் தோல், கண்ணுக்குள் தாக்குப்பிடித்தது. பிற்பாடுதான் தெரிந்தது, முன்னறையில் ஊறும் நீரிலேயே டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற அமைதிக் குரல்கள் எப்போதும் கலந்திருக்கின்றன என்று. பார்வை நுட்பமான சமாச்சாரம், கொஞ்சம் வீங்கினாலும் போச்சு. அதனால் இங்கே சண்டை வேண்டாம் என்று உடம்பே செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. யுவியைட்டிஸ் என்பது அந்த ஏற்பாடு குலைந்த நிலை. அப்படியென்றால் அமைதிக் குரலை இன்னும் கொஞ்சம் ஊற்றினால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே வரும்.

இன்டர்லியூகின்-10-ஐ 1989-ல் கலிஃபோர்னியாவில் டிம் மாஸ்மன் குழு கண்டுபிடித்தபோது, அதற்கு வைத்த முதல் பெயரே 'சைட்டோகைன் உற்பத்தியைத் தடுக்கும் காரணி'. ஆசையாகத்தான் ஆரம்பித்தார்கள். குடல் அழற்சி நோயான குரோன் நோய்க்கு மனிதர்களிடமே ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. தலைவலியும் ரத்தசோகையும் வந்தன. இன்னொரு வேடிக்கை, டோஸைக் கூட்டியபோது அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமாவின் அளவு ஏறியது! அமைதியாகப் போங்கள் என்று மைக்கில் அளவுக்கு மீறிக் கத்தினால் என்ன ஆகும், அதுதான் ஆனது. இந்த மூலக்கூறு சில செல்களை அடக்கும், வேறு சிலவற்றைத் தட்டியெழுப்பும்.

அடுத்த சிக்கல், அது நிற்காது. ரத்தத்தில் சில மணி நேரத்தில் கரைந்து போய்விடும். ஒருவர் தெருமுனையில் நின்று "போங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டால் கூட்டம் கலையுமா? கூப்பிடுகிற குரல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டேயிருக்கும்போது? அதற்காக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கண்ணுக்குள் ஊசி குத்த முடியாது, ஒவ்வொரு குத்தலிலும் கிருமி நுழையும் ஆபத்து கொஞ்சம் இருக்கிறது. அதனால் தீங்கு செய்யாத வைரஸில் அந்த ஜீனை ஏற்றிக் கண்ணுக்குள் வைத்து, கண்ணையே இன்டர்லியூகின்-10 சுரக்க வைக்கப் பார்த்தார்கள். எலிகளில் பலன் கிடைத்தது. ஆனால் திறந்த குழாயைத் தேவைப்படும்போது மூடுவது எப்படி என்று கேட்டால் எளிதான பதில் இல்லை. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இன்டர்லியூகின்-35 என்ற இன்னோர் அமைதிக் குரலைக் கையில் எடுத்தார்கள். அது எலிகளின் யுவியைட்டிஸை அடக்குவதாக 2014-ல் எழுதினார்கள். பிறகு செல்கள் உமிழும் நுண்பைகளில் அதை ஏற்றி அனுப்பிப் பார்த்தார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான். உங்கள் அக்கா மகள் பெரிய வகுப்புக்குப் போகும்போது இதைப் படிக்கட்டும். ஆனால் எலியின் கண் மிளகு அளவு, உங்கள் கண்ணுக்கு அது வந்து சேர நாளாகும்.

இதை ஒட்டி ஒரு விஷயம், உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கும் வயதானவர்களுக்கு. கண்ணுக்குள் இன்டர்லியூகின்-10 எக்கச்சக்கமாக இருந்தால் நாங்கள் சந்தோஷப்படுவதில்லை, பயப்படுகிறோம். விழித்திரையில் வரும் ஒரு வகை லிம்ஃபோமா புற்றுநோய் யுவியைட்டிஸ் வேஷம் போட்டுக்கொண்டு வரும். அந்தப் புற்றுச் செல்களே இன்டர்லியூகின்-10-ஐச் சுரக்கும். கண்ணுக்குள் இருக்கும் நீரில் இன்டர்லியூகின்-6-ஐவிட 10 கூடுதலாக இருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக யுவியைட்டிஸ் வந்து ஸ்டீராய்டுக்கும் சரியாக அடங்காவிட்டால் இதையும் யோசிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

அப்படியென்றால் எந்தச் சைட்டோகைனும் கண் நோய்க்கு மருந்தாக ஆகவில்லையா? ஒன்று ஆகியிருக்கிறது, இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா. பெஹ்செட் என்ற நோயில் வரும் கடுமையான யுவியைட்டிஸுக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள். 2003-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வில் 50 பேரில் 46 பேருக்குக் கேட்டது. காய்ச்சலும் உடம்பு வலியும் கட்டாயம் வரும், சிலருக்கு மனச்சோர்வும். துருக்கி, ஜப்பான் பக்கம் அந்த நோய் அதிகம், நம் ஊரில் குறைவு. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

நடைமுறையில் வென்றது இதற்கு நேர் எதிரான வழி. "போங்க" என்ற குரலைக் கூட்டுவதற்குப் பதிலாக "வாங்க" என்று கத்துபவரின் வாயைப் பொத்துவது. அடலிமுமாப் என்ற ஊசி டி.என்.எஃப்.-ஆல்ஃபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணில் இல்லை, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 40 மில்லிகிராம். கிருமியால் வராத, கண்ணின் நடு, பின் பகுதி யுவியைட்டிஸுக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதன் முதல் நகல் மருந்து உலகத்திலேயே முதலில் வந்தது நம் நாட்டில்தான், 2014 டிசம்பரில், ஆமதாபாத் கம்பெனி ஒன்றிலிருந்து. அதனால் விலையும் முன்னைப்போல் இல்லை. அதே டி.என்.எஃப்.-ஆல்ஃபாவைத் தடுக்கும் எட்டனர்செப்ட் மூட்டுக்குக் கேட்கும், கண்ணுக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஒரே குரலை அடக்கும் இரண்டு மருந்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், பெயர் தெரியாத ‘சைட்டோகைன் ஊசி’யை எப்படி நம்புவது?

இப்போது உங்கள் இடுப்புக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. நின்று வேலை செய்வதால் வரும் வலி சாயங்காலம் கூடி, படுத்து எழுந்தால் குறைய வேண்டும். உங்களுக்குக் காலையில் பிடிக்கிறது. எழுந்து அரை மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிடிப்பு இருக்கிறதா? நடக்க நடக்க விடுகிறதா? விடியற்காலையில் வலியால் விழிப்பு வருகிறதா? மூன்று மாதத்துக்கு மேலாக இருக்கிறதா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் அழற்சி இருக்கலாம். எச்.எல்.ஏ.-பி27 என்ற ரத்தப் பரிசோதனையும் அந்த மூட்டுக்கு எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்க வேண்டும். இளம் வயது ஆண், திடீரென்று சிவந்து வலிக்கும் கண், ஒரு தடவை வலது, ஒரு தடவை இடது, கூடவே காலை இடுப்புப் பிடிப்பு. இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் கண் டாக்டர் மூட்டு டாக்டருக்குச் சீட்டு எழுத வேண்டும். இளம் டாக்டராக இருந்தபோது நானே முதுகைப் பற்றிக் கேட்காமல் ஒரு பையனுக்கு ஒரு வருடம் சொட்டு மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் குனிந்து செருப்பு மாட்டச் சிரமப்பட்டதைப் பார்த்த பிறகுதான் கேட்டேன்.

அந்த நோய் உறுதியானால் உங்களுக்கு வழி திறக்கும். சல்ஃபாசலசின் அல்லது மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, தேவைப்பட்டால் அடலிமுமாப், மூட்டுக்கும் கண்ணுக்கும் சேர்த்தே பார்க்கும். கண் திரும்பத் திரும்ப வருவது குறைந்தால் ஸ்டீராய்டு தேவையும் குறையும், பிரஷரும் இறங்க வாய்ப்பு உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் என்றதும் பழைய மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம். கிருமியால் வராத யுவியைட்டிஸில் அதையும் விலை கூடிய மைக்கோஃபினோலேட்டையும் 216 பேரிடம் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் அதில் முன்னின்றார்கள். விலை கூடியது சிறந்தது என்று அதில் நிரூபணமாகவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டுக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகி வந்தவர்கள் உண்டு. எழுதித் தந்தால், எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வாங்குங்கள்.

ஆனால் இதில் எதைத் தொடங்கும் முன்பும் உங்கள் மாமா குறுக்கே நிற்கிறார். ஒரே வீட்டில் டி.பி. இருந்திருக்கிறது. டி.பி. கிருமி பலர் உடம்பில் நோயாக வெளிவராமல், நுரையீரலில் ஒரு சின்னக் கட்டிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். அந்தச் சிறைச் சுவரைக் காவல் காப்பது டி.என்.எஃப்.-ஆல்ஃபாதான். அதன் வாயைப் பொத்தினால் சுவர் இடிந்து கிருமி வெளியே வரும். போதாக்குறைக்கு, டி.பி. கண்ணுக்குள்ளேயே யுவியைட்டிஸாகவும் வரும். அதாவது, லாரி நிஜமாகவே தெருவில் நிற்கிறதா என்று பார்க்காமல் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது. இன்டர்லியூகின்-10 நாளைக்கே மருந்தாக வந்தாலும் இதே விதிதான். மார்பு எக்ஸ்ரே, டி.பி. கிருமி இருக்கிறதா என்று தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசி அல்லது அதற்கு இணையான ரத்தப் பரிசோதனை, சிஃபிலிஸுக்கான பரிசோதனை, இவை முதலில். மாண்டூ தடித்தால் உடனே டி.பி. என்று பதற வேண்டாம், நம் ஊரில் பலருக்குத் தடிக்கும். கண் டாக்டரும் நெஞ்சு டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது அது. டி.பி. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், உங்களுக்கு ஸ்டான்லி பக்கம்தான்.

அப்புறம் நீங்கள் விடாமல் வைத்திருக்கும் அந்த இன்னொரு சொட்டு. அது கண் பாவையை விரித்து வைப்பதற்கு. அழற்சியின்போது பாவையின் ஓரம் பின்னால் இருக்கும் லென்ஸில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஒட்டிவிட்டால் கண்ணுக்குள் ஊறும் நீர் போக வழியில்லாமல் பிரஷர் எகிறும். உங்கள் 30-க்கு ஸ்டீராய்டு மட்டும்தான் காரணமா, இதுவும் சேர்ந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாக் கோடு தெரியாதது நிஜமான கஷ்டம், கத்தரி கையில் இருக்கும்போது சின்ன விஷயம் இல்லை. அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அழற்சியின் அளவைப் பொறுத்து, சீக்கிரம் தெளியும் வகையைக் கடை மூடிய பிறகு இரவில் விடும்படி மாற்றித் தர முடியலாம். ஸ்டீராய்டு பாட்டிலை விடும் முன் நன்றாகக் குலுக்குங்கள், பலவற்றில் மருந்து அடியில் தங்கியிருக்கும். இரண்டு சொட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி, விட்டதும் மூக்கோரக் கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

அந்த ஒன்றே கால் லட்சத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நிஜமான மருந்து ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒப்புதல் படிவம் இருக்கும். சோதனை மருந்துக்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டெம் செல் என்று சொல்லி மூன்று பெண்களின் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர். மூவருக்கும் பார்வை போனது, 2017-ல் மருத்துவ இதழில் அது விவரமாக வந்தது. அங்கேயே அப்படி.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள். 1819-லிருந்து நடக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். இரண்டு வருடச் சீட்டுகள் எல்லாவற்றையும், காலி சொட்டு பாட்டில்களோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாமாவின் டி.பி. சிகிச்சை அட்டையின் நகலையும் வையுங்கள். காலை இடுப்புப் பிடிப்பைக் கடைசியில் சொல்லாமல் உட்கார்ந்ததும் சொல்லுங்கள். பாவையை விரிக்கச் சொட்டு விடுவார்கள், அன்று கத்தரி பிடிக்க முடியாது. கடையில் முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டு, அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.